மாதத்தில் மூன்று நாள் சூடான வீடு

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னின் கிளேட்டன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பலகை வீட்டில் ஒரு காஸ் ஹீட்டர் இருந்தது. நடையில் உள்ள அலமாரிக்குள் ஆளுயரத்துக்கு நிற்கும் தகரப் பெட்டி. அதிலிருந்து சூடான காற்று தரைக்கு அடியால் குழாய்களில் ஓடி, ஒவ்வோர் அறையிலும் தரையில் பதித்த கம்பி வாய்களால் மேலே வரும். வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்காரரான கிரேக்க மனிதர் அதைப் போட்டுக் காட்டினார். அந்த வாய் ஒன்றின் மேல் நான் தெரியாமல் நின்றுவிட்டேன். சேலை காற்றில் உப்பிக்கொண்டு எழும்பியது. அள்ளிப் பிடித்தபடி எட்டிப் பாய்ந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் கூட. பிள்ளைக்கு இந்த வீடு போதும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளை அப்போது எங்களோடு இல்லை. யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் இருந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று பேருக்கும் விசாவுக்கு எழுதினோம். வைத்தியப் பரிசோதனையில், ஒன்றரை வயதுப் பிள்ளையின் நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்றார்கள். மருந்து கொடுத்து, நிழல் மறைந்த பிறகுதான் அவளுக்கு விசா. நாங்கள் இருவரும் சொன்ன நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் கைக்கு வந்ததும் போய்விடும். மூன்று மாதம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, என் சொந்தக் காலால் நடந்துதான் விமானத்தில் ஏறினேன். மூன்று மாதம் ஒன்றரை வருஷமாக இழுபட்டது.

புறப்படுகிற அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழுதுபடேக்க நான் இஞ்ச விளக்கு வைப்பன். நீயும் அங்க வை. ஒரே நேரத்தில ரெண்டு பேரும் கும்பிடுவம். பிள்ளையையும் பக்கத்தில வைச்சிருப்பன்" என்றாள். எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. மெல்போர்னில் பொழுது நாலரை மணித்தியாலம் முந்திப் படும் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்தவர்கள், அதிலும் அக்கா அதைப் படிப்பித்தவள்.

இங்கே வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எனக்கு ஆறு மணி என்றால் அங்கே மத்தியானம் ஒன்றரை, பிள்ளை சோறு தின்றுவிட்டு நித்திரை கொள்ளும் நேரம். அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். ஆறு மணிக்கு விளக்கேற்றுவது, அங்கே ஆறு மணியாகி அக்கா ஏற்றும்வரை இதை அணையாமல் பார்த்துக்கொள்வது. சின்ன அகல் நாலரை மணித்தியாலம் தாங்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்துமுகப் பித்தளை விளக்கை எடுத்து, கிரேக்கர் கடையில் தகரத்தில் விற்கும் ஒலிவ் எண்ணெயை நிரம்ப ஊற்றி, கிழிந்த வேட்டித் துணியில் தடிப்பாகத் திரி உருட்டி, ஐந்து முகத்தையும் ஏற்றுவேன்.

இந்த வீட்டில் விளக்குக்கு ஒரு நல்ல இடமும் கிடைத்தது. நடைச் சுவரில் டெலிபோன் வைக்கவென்று அடித்த பலகைத் தட்டு ஒன்று இருந்தது. எங்களிடம் டெலிபோன் இல்லை. தட்டோ கிழக்குப் பார்த்து இருந்தது. வேறென்ன வேண்டும்? பிள்ளையார் படத்தையும் முருகன் படத்தையும் சாத்திவைத்து, முன்னால் விளக்கை வைத்தேன். வீட்டில் எங்கே நின்றாலும் கை விறைக்கும், அந்த விளக்கின் முன்னால் நின்றால் மட்டும் முகமெல்லாம் கதகதவென்று இருக்கும். அதற்கு நான் என்னென்னவோ அர்த்தம் எடுத்துக்கொண்டேன். பிள்ளை அங்கே என்னை நினைக்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

மே மாதம் கடிதம் வந்தது. படம் தெளிந்துவிட்டது, விசா கிடைத்துவிட்டது. ஜூலையில் மெல்போர்னுக்கு வரும் ஒரு குடும்பத்தோடு பிள்ளையை அனுப்பலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிதத்தின் கடைசியில் அக்கா எழுதியிருந்தாள்: "குளிரில மட்டும் விடாதே எண்டு டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னவர். நெஞ்சில சளி கட்டினால் பழையபடி முதலிலையிருந்து மருந்தாம்." அந்த வரியை நான் படித்த தடவைக்குக் கணக்கில்லை. ஜூலை இங்கே நடுக்குளிர் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அதே மாதத்தில்தான் குளிருக்கு ஹீட்டரை ஒழுங்காகப் போடத் தொடங்கினோம், அது குணத்தைக் காட்டவும் தொடங்கியது.

டண்டினொங்கில் தையல் தொழிற்சாலை வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி, ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைவேன். நுழைந்ததும் ஹீட்டரைப் போடுவேன். அது நன்றாகத்தான் இரையும். முகம் கழுவி, விளக்கேற்றி, குசினிக்குள் போய் வெங்காயம் உரிப்பேன். ஆறரை மணி அளவில் நடையில் டிக் என்று ஒரு சத்தம். இரைச்சல் அடங்கிவிடும். அதற்குப் பிறகு அது எழும்பாது. எட்டு மணிக்கு மூச்சு புகையாகத் தெரியும். ஒன்பது மணிக்குக் கணவர் அலுத்துப்போய் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துவிடுவார்.

வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் மெக்கானிக்கை அனுப்பினார். அந்தக் குளிரிலும் அரைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை. அலமாரியைத் திறந்து, மண்டியிட்டு உள்ளே பார்த்தார். பைலட் என்று சொல்லும் சின்ன நீலச் சுடர் அதற்குள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்தால் காஸ் வராமல் தடுக்க, அதன் சூட்டை உணரும் செப்புக் கம்பி ஒன்று உண்டு. அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். தூசு வடிகட்டியைத் தட்டினார். பிறகு நடைச் சுவரில், சாமிப் படங்களுக்கு இரண்டு சாண் மேலே இருந்த தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினார். வீட்டின் சூட்டைப் பார்த்து, காணாது என்றால் ஹீட்டரை எழுப்பி, போதும் என்றால் நிறுத்துகிற சின்னப் பெட்டி அது. உள்ளே சுருள் தகடும், கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு துளி பாதரசமும் இருந்தன. விரலால் தட்டிப் பார்த்தார். பாதரசம் உருண்டது, டிக் என்றது, ஹீட்டர் எழும்பியது. திரும்பத் தட்டினார், நின்றது. திரும்பவும் எழும்பியது. பழக்கிய நாய் மாதிரி அவர் சொன்னதையெல்லாம் கேட்டது.

"இதில் ஒரு பிழையும் இல்லை" என்றார். பெட்டியின் மூடியில் இருந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்து, "இது என்ன, பெயிண்டா?" என்று கேட்டார்.

அது சந்தனப் பொட்டு. ஒழுங்காக வேலை செய்யவேண்டுமே என்று நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை வைத்தேன். கணவர் முகம் சிவந்து, "அது எங்கள் சமயப் பழக்கம்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, கீழே அணைந்திருந்த என் விளக்கைக் காட்டி, மெழுகுதிரித் தண்டு வடிவாக இருக்கிறது என்றார். போகும்போது, "ஷீல் பி ரைட்" என்றார். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்த நாட்டவர்கள் அப்படிச் சொல்வார்கள். அன்று மாலை ஆறரைக்கு அது பழையபடி அடங்கியது.

கணவர் ஆராய்ச்சிக்காரர். ஒரு பொருள் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பின்னேரத்தில் ஊர் முழுக்கச் சமைப்பதால் காஸின் அழுத்தம் குறைகிறது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. அடுப்பு ஏன் குறையாமல் எரிகிறது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டார். பிறகு கதவு இடுக்குகளையெல்லாம் பழைய காலுறைகளால் அடைத்தார். தெர்மோஸ்டாட்டின் முள்ளை முப்பதுவரை திருப்பினார். பத்து நிமிஷம் கூடுதலாக உறுமிவிட்டு அது அடங்கியது. கடைசியில் ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறையில் தொங்கவிட்டு, கொப்பி ஒன்றில் கோடு போட்டு, ஒவ்வொரு மாலையும் எழுதத் தொடங்கினார். எத்தனை மணிக்கு நின்றது, அறையில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு, மழையா காற்றா. நின்ற நாளுக்குப் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி, நிற்காத நாளுக்குச் சரி.

எனக்கு எரிச்சலாக வந்தது. "கொப்பியில எழுதினால் பிள்ளைக்குச் சூடு வருமோ?" என்று கேட்டேன்.

"காரணம் தெரியாமல் என்னத்தைத் திருத்திறது? கொஞ்சம் பொறும்."

பொறுக்கிற நிலையில் நான் இல்லை. பிள்ளைக்கென்று பின்னிய கம்பளிச் சட்டை மேசையில் கிடந்தது. அவளுடைய தற்போதைய அளவு எனக்குத் தெரியாது. அக்கா ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். தோள் வரைக்கும் ஒரு முடிச்சு, இடுப்பு வரைக்கும் ஒரு முடிச்சு. அந்த நூலை நான் சட்டைக்குப் பயன்படுத்தியதைவிடச் சும்மா கையில் சுற்றிக்கொண்டு இருந்ததுதான் அதிகம். தாய் ஒருத்தி தன் பிள்ளையின் உயரத்தைத் தபாலில் தெரிந்துகொள்கிற கொடுமை வேறு யாருக்கும் வரவேண்டாம்.

ஜூன் கடைசியில், பிள்ளை வருவதற்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போது, கணவர் கொப்பியோடு குசினிக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"இஞ்ச பாரும். எல்லா நாளும் புள்ளடி. ஆனால் மே மாதம் தொடர்ந்து மூண்டு நாள் சரி. பிறகு பழையபடி புள்ளடி. ஜூனிலயும் மூண்டு நாள் சரி. இடையில எண்ணிப் பார்த்தன். இருபத்தெட்டு நாள்!"

"அதுக்கு?"

"அதுக்கோ? காஸ் கொம்பனிக்காரர் நாலு கிழமைக்கு ஒருக்கா என்னவோ செய்யிறாங்கள். அந்த மூண்டு நாளும் ஒழுங்கா வருது. நாளைக்கே எழுதிக் கேக்கப்போறன். இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கா அப்பிடி என்ன நடக்குது?"

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மே மாதத்துத் திகதிகள். ஜூன் மாதத்துத் திகதிகள். அந்தத் திகதிகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. என் காது இரண்டும் சுட்டது.

அந்த மூன்று நாளும் நான் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் போவதில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அது, கடல் தாண்டியும் கூடவே வந்திருந்தது. கணவருக்குக் கடவுளோடு கோபமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. ஏற்றுங்கள் என்று நானும் சொன்னதில்லை. அதனால் மாதத்தில் அந்த மூன்று மாலையும் விளக்கு எரியாது. பிள்ளையைத் தேடி மனம் கிடந்து அலைகிற நாட்கள் அவை. சுருண்டு படுத்து அழுவேன். வீடு சூடாக இருந்ததை நான் எங்கே கவனித்தேன்?

"காஸ் கொம்பனிக்கு எழுதாதேங்கோ" என்றேன்.

"ஏன்?"

"அது... கொம்பனிக்காரர் செய்யிறதில்லை."

அவர் விழித்தார். இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? திகதியை விரலால் தொட்டுக் காட்டினேன், பிறகு என்னைக் காட்டினேன். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆராய்ச்சிக்காரர்தானே! "அந்த மூண்டு நாளும் நான் விளக்கு வைக்கிறேல்லை" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் திகதிகளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கொப்பியைப் போட்டுவிட்டு நடைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். விளக்கு ஐந்து முகத்தோடும் எரிந்துகொண்டிருந்தது, ஹீட்டர் வழக்கம்போல் அடங்கிக் கிடந்தது. அவர் வெப்பமானியை எடுத்து வந்து தெர்மோஸ்டாட்டின் பக்கத்தில் பிடித்தார். படுக்கையறையில் பதினொன்று காட்டிய முள் அங்கே கிறுகிறுவென்று ஏறி முப்பத்தாறில் நின்றது. அவர் சிரித்தார். சிரித்த கையோடு குனிந்து, வாயால் ஊதி விளக்கை நூர்த்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. விளக்கை வாயால் ஊதுகிற வழக்கம் எங்களிடம் இல்லை, பூவால் ஒற்றித்தான் நூர்ப்போம். ஆனால் கோபம் அதற்காக இல்லை. அங்கே ஆறு மணியாக இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் என் கைப்படாமல் அந்த விளக்கு நேரத்துக்கு முன் அணைந்தது அதுதான் முதல் தடவை. "என்ன வேலை பாத்தீங்கள்? அவள் அங்க பாத்துக்கொண்டிருப்பாள்!" என்று கத்தினேன். மத்தியானம் நித்திரை கொள்கிற பிள்ளை எதைப் பார்ப்பாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விளக்காலேயே அடித்திருப்பேன்.

அப்போதுதான் டிக் என்றது. அலமாரிக்குள் குப் என்று தீப்பற்றுகிற சத்தம். தரையிலிருந்து சூடான காற்று எழும்பி என் காலைத் தொட்டது.

இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். "ஹீட்டரில ஒரு பிழையுமில்லை" என்றார் மெதுவாக. "வீடு சூடாயிருக்குது எண்டு உம்மட விளக்கு அதுக்குப் பொய் சொல்லியிருக்குது. அது நம்பிக்கொண்டு நிண்டிருக்குது."

நான் அழுதேன். பிள்ளைக்காக ஏற்றிய விளக்குத்தான் பிள்ளைக்கான வீட்டைக் குளிரப் போட்டிருந்தது. நான் செய்ததெல்லாம் இப்படித்தான் முடிகிறதா என்று இருந்தது. மூன்று மாதம்தானே என்று வந்ததும், நூலால் அளந்து சட்டை பின்னியதும், இதுவும்.  அவர் என் பக்கம் திரும்பி, "விளக்கைக் குசினியில வைப்பம். அங்கயும் கிழக்குப் பக்கம் சுவர் இருக்குது" என்றார். கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர் அடுத்த நாளே பலகை வாங்கி வந்து ஆணியடித்துத் தட்டுச் செய்து தந்தார். கொஞ்சம் சரிவாகத்தான் இருந்தது.

விளக்கு இடம் மாறிய கதையை அக்காவுக்கு நீல விமானத் தபால் கடிதத்தில் எழுதினேன். அவள் பதில் இரண்டு வரிதான்: "எங்கை வைச்சால் என்ன. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கேக்க நான் அவளுக்கு உன்னைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறன்." என் படத்தைக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை வந்தாள். கூட்டிவந்த குடும்பத்துப் பெண்ணின் தோளில் முகத்தை ஒட்டியபடி, சிவப்புத் தொப்பியோடு. மூன்று வயது. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரியாத பெண்களுக்குச் சொல்லும்படி பழக்கியதை மரியாதையாகச் சொன்னாள். "வணக்கம், அன்ரி."

நான் பின்னிய கம்பளிச் சட்டையை அவர்தான் அங்கேயே அவளுக்குப் போட்டுவிட்டார்.

வீடு நன்றாகச் சூடாக இருந்தது. காலையிலிருந்தே போட்டுவைத்திருந்தோம். கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லி அவளே கையைத் தூக்கினாள். நூல் பொய் சொல்லவில்லை, சட்டை அளவாக இருந்தது. தரையில் இருந்த கம்பி வாயின் மேல் ஏறி நின்றாள். உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை உப்பிக்கொண்டு எழும்பியது. முதலில் பயந்தாள், பிறகு கிக்கிக் என்று சிரித்தாள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய் எல்லா வாயிலும் நின்று பார்த்தாள். என்னிடம் வரவில்லை. சோறு தீத்தினால் வாய் திறந்தாள். அவ்வளவுதான். பிறகு வாசற்கதவைப் பார்த்து, "பெரியம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள்.  இவளுக்காக வீட்டைச் சூடாக்கத் தெரிந்த எனக்கு, இவளைத் தூக்கத் தெரியவில்லை.

ஆறு மணிக்குக் குசினியில் விளக்கேற்றினேன். ஏற்றிவிட்டுத் திரும்பினால், அவள் வாசலில் நின்றாள். விளக்கைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மாறியது. வழியில் தெரிந்தவரைக் கண்டால் வருமே, அந்த முகம். என்னைத் தாண்டி உள்ளே ஓடி வந்தாள். தட்டுக்குக் கீழே நின்று, எட்டாத உயரத்தை அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் கூப்பினாள்.

"அம்மா, நான் வந்திட்டன்" என்றாள் விளக்கிடம். "பிளேனில வந்தனான். இஞ்ச குளிரேல்லை, அம்மா."

அக்கா எதைக் காட்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் படத்தை இல்லை, விளக்கின் சுடரை. ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு பொழுதும், பிள்ளை அந்தச் சுடரிடம்தான் சாப்பிட்டதையும் விழுந்ததையும் மருந்து கசந்ததையும் சொல்லியிருக்கிறாள். இங்கே நான் அதே சுடரின் முன்னால் நின்றுகொண்டு, ஒரு சொல்லும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

பின்னால் நின்றபடியே, "ஓம் குஞ்சு. குளிரேல்லை" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் விளக்கைப் பார்த்தாள்.

"நீங்களோ கதைச்சது?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று தரையில் உட்கார்ந்தேன். "நான்தான்."